கடைசிக் கூறு

வேட்டை முடிந்தது என்று சொல்லும் கொம்பு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊதிவிட்டது. அதுவும் முழுதாக ஊதவில்லை. நீளமாகத் தொடங்கிய ஓசை, ஊதியவர் கையை யாரோ பிடித்து இழுத்ததுபோல நடுவில் நின்றுபோனது. சளி பிடித்துப் போர்வைக்குள் சுருண்டு கிடந்த யோவிதா கண்ணைத் திறந்து மீதி ஓசைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. பள்ளத்தாக்கில் நாய்கள் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தன. பிறகு அவையும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. லியோனோர் விடிந்ததுமே கிளம்பிவிட்டாள். லிஸ்பனிலிருந்து வந்தவள் அவள், யோவிதா லித்துவேனியாக்காரி. இருவருக்கும் ஒரே படிப்பு, பழைய சுவரோவியங்களைச் செப்பனிடுவது. செப்டம்பரிலிருந்து இந்த மலையூரில், வேட்டைக்காரர்களின் தலைவர் ஓரெஸ்தே வீட்டு மாடியறைதான் இருவருக்கும் வீடு.

"பனி விலகட்டும்டி. இன்னிக்கு வேட்டை நாள் வேற," என்று யோவிதா படுக்கையிலிருந்தபடியே சொல்லியிருந்தாள்.

"என்னைப் பாத்தா பன்னி மாதிரியா இருக்கு?" லியோனோர் வழக்கம்போல ஒரு பச்சைப் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டாள். அவளுடைய பென்சில்கள் எல்லாமே எலி கடித்த மாதிரிதான் இருக்கும்.

"நடை அப்படித்தான் இருக்கு. என் கோட்டாவது போட்டுட்டுப் போ, வெளிய குளிருது."

பழுப்புக் கோட்டு அது. கழுத்தைச் சுற்றி ரோமம் வைத்தது. அதை மாட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கில் இடிந்து கிடக்கும் தேவாலயத்தை வரையப் போனாள் லியோனோர். சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள்.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி சட்டம்வரை ஏறியிருந்தது. மணிக்கூண்டும் இல்லை, எதிர்வீட்டுக் கூரையும் இல்லை, ஈர மண்ணும் ஒலிவ விறகுப் புகையும் கலந்த வாசனை மட்டும் இடுக்குகள் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. வேட்டைக்காரர்கள் திரும்பும்போது ஊரே அறியும். வண்டியின் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே ஏறுவார்கள், ஒருவனை ஒருவன் கேலி செய்வார்கள், வாய் ஓயாத கினோ தெருமுனையிலிருந்தே ஜன்னலைப் பார்த்து ஏதாவது கெட்ட வார்த்தை கற்றுக்கொடுப்பான். அன்று வண்டிகள் விளக்கில்லாமல் ஊர்ந்து வந்து நின்றன. கீழே நிலவறைக் கதவு சாத்தப்பட்டது. தண்ணீர்க் குழாய் திறந்தது. வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் நடுவே எலும்பில் ரம்பம் இழுக்கிற சத்தம். அதற்குப் பழகியவள்தான் யோவிதா. ஆனால் கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் வந்த வாசனை பழகியதாக இல்லை. கம்பளி கருகும் நாற்றம் அது.

லியோனோரைக் கைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது அணைத்து வைத்திருந்தார்கள்.

ஓரெஸ்தேயின் மனைவி இல்வா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கைகள் முழங்கைவரை சிவந்து, வினிகர் வாடை அடித்தது.

"கீழ வா. பேர் சொல்ல ஆள் வேணும்."

இந்தப் பேர் சொல்லுதலைப் பார்க்கத்தான் இலையுதிர்காலம் முழுவதும் யோவிதா கெஞ்சிக்கொண்டிருந்தாள். வேட்டைக் கறியைச் சமமாகக் கூறு போடுவார்கள். ஒருவர் சுவரைப் பார்த்து நிற்பார். ஓரெஸ்தே ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, சுவரைப் பார்த்து நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். எவன் எதை எடுத்தான் என்ற சண்டையே வராது. "வெளியாளுக்கு அங்க என்ன வேலை? மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?" என்று ஓரெஸ்தே ஒவ்வொரு வாரமும் விரட்டுவார். கறி வெந்த பிறகு அவளுக்கு ஒரு வேலை மட்டும் உண்டு. இல்வா நீட்டும் கரண்டியில் உப்புப் பார்ப்பது.

"லியோனோர் இன்னும் வரல, இல்வாம்மா."

"வருவா." இல்வா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மொதல்ல நீ வா."

நிலவறைப் படிகள் ஈரமாக இருந்தன. கீழே ஒற்றை விளக்கு. ஆட்கள் சுவரோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஞாயிறுதோறும் அவளோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள், ஒருவரும் நிமிரவில்லை. கினோ மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுமேஜையில் கூறுகள் தயாராக இருந்தன, மேலே வெள்ளைத் துணி. பன்றியைத் தொங்கவிடும் கொக்கி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. சுட்டவனுக்கென்று எடுத்து வைக்கும் தலையையும் காணவில்லை.

"தலை எங்க?" என்றாள். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகுதான் தோன்றியது.

"இன்னிக்குத் தலை இல்ல," என்றார் ஓரெஸ்தே.

அவர் அவள் தோளைப் பிடித்துச் சுவரை நோக்கித் திருப்பினார். பின்னால் இல்வா தாழ்ப்பாளைப் போட்டாள். துணியை விலக்கும் சத்தம் கேட்டது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் சுண்ணாம்புச் சுவர், அதில் ஒரு விரிசல். காட்டுப்பன்றிக் கறிக்கு ஒரு வாசனை உண்டு, காட்டு வேரும் சேறும் கலந்தது. இதில் அது இல்லை. இதில் லேசாகச் சோப்பு வாசனை இருந்தது.

வெளியே நாய்கள் முனகின. குடலைப் போட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும் நாய்கள் அவை.

"நாய் தின்ன மாட்டேங்குது, ஓரெஸ்தே," என்று யாரோ சொன்னார்கள்.

"பொதைச்சிடு. பொண்ணே, இது யாருக்கு?"

"அமில்காரே," என்றாள்.

காலடி. பை சரசரத்தது.

"இது யாருக்கு?"

"நெல்லோ."

"இது?"

"கினோ."

காலடி இல்லை. முக்காலி கிரீச்சிட்டது. யாரோ குமட்டும் சத்தம்.

"எனக்கு வேணாம்."

"எடு."

"பனில தெரியல, ஓரெஸ்தே. பழுப்பா, ரோமமா இருந்துச்சு. நான் வேற என்னன்னு நெனைப்பேன்? ஆனா நீ... அவ மூச்சு விட்டுட்டுத்தானே இருந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாம்னு சொன்னேன்ல. பேச வேற செஞ்சா. நீ கத்திய எடுத்து..."

அடி விழுந்தது. துப்பாக்கிக் கட்டை என்று சத்தத்திலேயே தெரிந்தது. எலும்பு நொறுங்கியது. இன்னொரு அடி. இன்னொன்று. ஏதோ தரையில் உருண்டு வந்து அவள் குதிகாலில் இடித்து நின்றது. ஒரு பல்.

"எல்லாரும் எடுக்கணும்," ஓரெஸ்தேக்கு மூச்சு வாங்கியது. "கையில எடுக்காதவன் நாளைக்கு வாயத் தொறப்பான். எடு."

பை சரசரத்தது.

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. திரும்பினால் பார்த்தவள் ஆகிவிடுவாள். இதுவரை எதையும் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தாள். விரிசலைத்தான் பார்த்தாள்.

குழாய்த் தண்ணீர் சாக்கடைத் துளையை நோக்கி அவள் காலணிகளின் நடுவே ஓடியது. இளஞ்சிவப்பாக. அதில் ஒரு பென்சில் மிதந்து வந்தது. பச்சைப் பென்சில். மேல்முனை முழுக்கப் பல் தடம்.

அது துளையில் சிக்கிச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இது யாருக்கு?"

சொன்னாள். நாக்கு தானாகச் சொன்னது. மறுபடி கேள்வி. மறுபடி பெயர். ஓரெஸ்தே பெயரையும் சொன்னாள். இல்வா பெயரையும் சொன்னாள். அதோடு பெயர்கள் தீர்ந்துவிட்டன.

"இது யாருக்கு?"

இன்னும் ஒன்று இருக்கிறது.

கினோ வாயால் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"பொண்ணே. கடைசிக் கூறு. இது யாருக்கு?"

அவர் குரல் அன்பாகத்தான் இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி கார் ஓட்டி மருந்து வாங்கி வந்த அதே குரல். மேஜையிலிருந்து கத்தியை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது துணியில் துடைபடும் சத்தம். நிதானமாக, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம்.

லியோனோர், என்று நினைத்தாள். என்னை மன்னிச்சிடு.

"யோவிதா," என்றாள்.

கையில் ஒரு பை வந்தது. இளஞ்சூடாக இருந்தது.

மேலே சமையலறையில் இல்வா பெரிய பாத்திரத்தை ஏற்றியிருந்தாள். சிவப்பு ஒயின், பிரியாணி இலை, பூண்டு. ஆட்கள் மேஜையைச் சுற்றித் தங்கள் வழக்கமான இடங்களில் உட்கார்ந்தார்கள். லியோனோரின் நாற்காலியில் கினோ, உடைந்த தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு. ரொட்டியை யாரும் தொடவில்லை. எல்லாக் கண்களும் யோவிதா மேல் இருந்தன.

இல்வா கரண்டியை ஊதி ஆறவைத்து அவள் வாயருகே நீட்டினாள்.

"உப்புப் பாரு, கண்ணு."

உதட்டில் சூடு பட்டது. வாயைத் திறந்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"கொஞ்சம் கம்மியா இருக்கு," என்றாள்.

நாற்காலிகள் மேஜையை நெருங்கின. யாரோ ஒயின் ஊற்றினார்கள். ஓரெஸ்தே எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். காலையில் பாதியில் நின்றுபோன அந்த நீண்ட ஓசையைப் பனிக்குள் முழுதாக ஊதி முடித்தார். இல்வா உப்பு ஜாடியைத் திறந்து அவளிடம் நீட்டினாள்.

"நீயே போடு."