சாக்குப் போட்ட ஜன்னல்

வாசலில் அம்மாவின் செருப்பு இல்லை. வினோதா அதைப் பார்த்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும். லிந்துலையிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்த கால், காலையிலிருந்து வெறும் தேத்தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காத வயிறு, டியூஷன் வகுப்பில் பாடம் சொல்லிக் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. ஒரு செருப்புக்காகக் கவலைப்பட உடம்பில் எதுவும் மிச்சமில்லை. மத்தியானத்திலிருந்து கொட்டாவி வேறு விட்டுக்கொண்டிருந்தாள். அது எதற்கு அறிகுறி என்று தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தாள்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவர்களுடைய ஒற்றைக் காம்பராவுக்குள் இருட்டு அவள் விட்டுப்போன மாதிரியே இருந்தது. காலையில் அவளேதான் ஜன்னலில் உரச் சாக்கை மடித்து ஆணியடித்தாள். கட்டிலில் போர்வைக்குள் அம்மா சுவரைப் பார்த்துச் சுருண்டிருந்தாள்.

காலையில் ஒரே சண்டை. அம்மா பூரணி இடது நெற்றிப்பொட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, வாந்தியெடுத்த வாயை மறுகையால் துடைத்துக்கொண்டு, தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தேடினாள்.

"இன்னைக்கு நின்னா பேரு போயிரும் வினோ."

பேர் என்றால் ஒருநாள் கூலி. தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் பேர் விழவில்லையென்றால் அன்றைக்கு அவள் உயிரோடு இருந்ததற்கே கணக்கில்லை.

"போகட்டும்மா. கூடைக் கயித்தத் தலையில மாட்டிக்கிட்டு வெயில்ல நின்னா மண்ட வெடிச்சிரும். இருட்டுல படு. வெளிச்சம், சத்தம், வாசம் ஒண்ணும் ஆகாது."

"ஒனக்குந்தான் இந்தக் கருமம் வருது. நீ போகாமயா இருக்க?"

வினோதா உரச் சாக்கை எடுத்து ஜன்னலில் மடித்துப் பிடித்தாள். பதினொரு வயதிலிருந்து அவளுக்கும் இதுதான். லயத்துச் சனம், மலையில் ஏதோ அடித்துவிட்டது என்றது. தோட்டத்து டிஸ்பென்சரி இரண்டு பனடோலோடு அனுப்பிவிட்டது. பேராதனைக்குப் படிக்கப் போன பிறகுதான் இது ஒற்றைத் தலைவலி என்பதும், பசியும் தூக்கமின்மையும் பனி விலகியதும் சுள்ளென்று அடிக்கும் வெயிலும் இதைக் கிளப்பிவிடும் என்பதும் தெரிந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அம்மாவுக்குப் பேய் என்று வேப்பிலை அடித்தவர்களில் ஒருவர்கூட அவளை நேரத்துக்குச் சாப்பிட விட்டதில்லை.

"சாப்பிட்டியாம்மா?" இப்போது கட்டிலைப் பார்த்துக் கேட்டாள்.

"லைட்டப் போடாத புள்ள."

குரல் அடைத்திருந்தது. அம்மா தலையில் தேய்க்கும் தைலத்தின் வாசம் இல்லை. பனியில் நனைந்த பச்சைக் கொழுந்தின் வாசம்தான் காம்பரா முழுக்க நின்றது. வினோதா மூக்கைப் பொத்திக்கொண்டாள். துணியை நனைத்துக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஈரம். பைப்புத் தண்ணீரைப் போல் சில்லிட்டிருந்தது.

அப்போதுதான், மத்தியானத்துக் கொட்டாவி முன்கூட்டிச் சொன்னது அவளுக்கும் ஆரம்பித்தது. பார்வையின் நடுவில், எரியும் பல்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தங்குமே, அப்படி ஒரு புள்ளி. அது ஓட்டையாக விரிந்தது. ஓட்டையின் ஓரத்தில் வாள்பல் போல் வளைந்து வளைந்து மினுங்கும் வெளிச்சம். எங்கே பார்த்தாலும் பார்த்த இடம் காணாமல் போனது. பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஓரமாக நகர்ந்து கலைந்துவிடும். அப்புறம்தான் வலி.

அம்மா மெல்ல அவள் பக்கம் புரண்டாள். வினோதா முகத்தைப் பார்த்தாள். ஓட்டை தெரிந்தது.

சாத்தாத கதவுக்கு வெளியே, பனிக்குள் டார்ச் வெளிச்சம் ஆடியது. அம்மாவோடு ஒரே கங்காணியிடம் கொழுந்து எடுக்கும் ராசம்மா.

"ஏ வினோ! ஒங்கம்மா வந்திருச்சா?"

"உள்ளதான் படுத்திருக்கு. எங்க போச்சு, வர்றதுக்கு?"

டார்ச் வெளிச்சம் ஆடாமல் நின்றது.

"என்னா புள்ள சொல்ற? நீ பஸ்ஸுக்குப் போனதும் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்கு வந்திருச்சே. மக திட்டுவா, சொல்லிராதடின்னு சிரிச்சுச்சு. அந்தியில கொழுந்து நிறுக்க ஆளக் காணோம். அது கொழுந்தெடுத்த நிரையில கூடை மட்டும் நிக்கிது. ஆம்பளைங்க மலைக்கு ஏறியிருக்காங்க. வெளையாடாம வா!"

டார்ச் வெளிச்சம் திரும்பி மலைப்பக்கம் ஓடியது.

வினோதா எழுந்திருக்கப் பார்த்தாள். மணிக்கட்டில் பிடி இறுகியது.

இது தலைவலி. தலைவலியில் என்னென்னவோ தோன்றும். படித்திருக்கிறாள்.

ஓட்டை நகரத் தொடங்கியது. சாத்தாத கதவு வழியே வந்த அந்தி வெளிச்சத்தில் சாக்கு தெரிந்தது. ஆணி தெரிந்தது. கூடை மாட்டும் மூலை. காலி. போர்வையின் சிவப்புக் கோடு. அவள் மணிக்கட்டு. அதைப் பிடித்திருந்த விரல்கள்.

வெளுத்த விரல்கள். அம்மாவின் விரல்களில் எப்போதும் இருக்கும் கொழுந்துக் கறை ஒரு பொட்டுகூட இல்லாதவை.

மலையில் ஆண்கள் கூப்பிட்டார்கள். "பூரணீ..."

இன்னும் மேலே, பனிக்குள்ளிருந்து, மெலிதாக ஒரு குரல். "வினோ..."

கத்த வாயைத் திறந்தாள்.

சுவர் தெளிந்துவிட்டது. கட்டில் தெளிந்துவிட்டது. தலையணையில், முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டை அப்படியே இருந்தது. ஓரத்துப் பற்கள் மினுங்கி மினுங்கிச் சுற்றின. வினோதாவின் வாய்க்குப் பக்கத்தில் வந்தன.

"சத்தம் போடாத புள்ள," என்றது அம்மாவின் குரல். "தல வலிக்கிது."