குழாயைத் தட்டுகிறவர்கள்

"நீங்களே போய்ப் பாருங்க சார். இனிமே அந்த ரூமுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

"பாய்லரப் பாக்கறது உன் வேலை, சாகோ."

"பாய்லரப் பாக்கறது என் வேலைதான். அதுகூட உள்ள இருக்கறதப் பாக்கறது என் வேலை இல்ல."

"என்ன, எலியா?"

"எலி ஆளோட கையப் புடிச்சு முறுக்குமா சார்? இங்க பாருங்க. பாருங்கன்னு சொல்றேன்ல!"

ரொட்டியும் பாலுமாகப் படியேறிக்கொண்டிருந்த நெரெய்டா இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். கைப்பிடிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். வாசல் கூடத்தில், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சாகோ சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு நின்றிருந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை துணிக்கட்டு. கட்டின் நடுவில் பழுப்பாக ஊறியிருந்தது. எதிரில் கட்டடத்தின் சொந்தக்காரர் ஹஸ்கின், தடித்த கோட்டும் சிவந்த மூஞ்சியுமாக, கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சரி, சரி. திங்கக்கிழமை ஆள அனுப்பறேன்."

நெரெய்டாவால் சும்மா இருக்க முடியவில்லை. "எந்த வருஷத்துத் திங்கக்கிழமை சார்?"

ஹஸ்கின் நிமிர்ந்து பார்த்தார். "ஓ, நீங்களா. உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"ஒம்போது நாளா குளிர்ல வெடவெடன்னு நடுங்கிட்டு இருக்காரு. வேணும்னா நீங்க வந்து பக்கத்துல படுத்துக்குங்க, கொஞ்சம் சூடாவாவது இருக்கும்."

சாகோ சிரித்துவிட்டான். ஹஸ்கின் சிரிக்கவில்லை. புருஷன் எஃப்ராயின் மேலே தனியாக இருக்கிறான் என்பது நினைவுக்கு வர, அவள் மீதிப் படிகளை ஏறினாள்.

பிராங்ஸில் அந்த ஆறு மாடிக் கட்டடத்துக்குத் தொண்ணூறு வயது. கீழே பாய்லர் நீராவியைத் தள்ளும், நீராவி குழாய்களில் ஏறி ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்கும் போகும். போனால்தான் சூடு. இல்லையென்றால் வெறும் இரும்பு. ஹஸ்கின் இரண்டு வருடமாக எதையும் சரிசெய்யவில்லை. மின்சார ஹீட்டரைச் செருகினால் ஃபியூஸ் போகும். அதையும் திங்கட்கிழமைதான் பார்ப்பார். பாய்லர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து விழுந்து ஒரு வருடம். கதவு சாத்திக்கொண்டால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

எஃப்ராயின் படுக்கையில் கிடந்தான். பக்கவாதம் வந்து இரண்டு வருடம். போன குளிர்காலம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். இன்னொரு தடவை இப்படிக் குளிர் அடித்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இப்போது ஐந்து போர்வைக்கு அடியில், கம்பளித் தொப்பியோடு, உதடு நீலம் பாரித்து, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தட்டுது," என்றான்.

அவள் காதை வைத்துக் கேட்டாள். ஆமாம். நகத்தால் சுண்டுகிற மாதிரி. டிக். டிக். குழாயைத் தொட்டாள். ஐஸ்.

எஃப்ராயின் முப்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன். வாய் கோணியதிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் எடுப்பான். "சில்லுனு இருக்கற குழாய்... தட்டாது, நெரே. நீராவி வந்தாதான்... தட்டும்."

"யாராவது விளையாடறாங்களா இருக்கும். நீ சூப்பக் குடி."

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது சாகோ ஒரு பெட்டியும் ஒரு டிவியுமாக டாக்ஸியில் ஏறிக்கொண்டிருந்தான். நிஜமாகவே போகிறான். ஹஸ்கினும் பனியில் குனிந்தபடி தன் காரை நோக்கி நடந்தார். போய்த் தொலையட்டும் என்று திரையை இழுத்துவிட்டாள்.

மூன்று மணிவாக்கில் குப்பையைப் போட அடித்தளத்துக்கு இறங்கினாள். பாய்லர் அறைக் கதவு பாதி திறந்து, ஒரு செங்கல் முட்டுக்கொடுத்து நின்றது. உள்ளே இருட்டு. அங்கிருந்து எலியும் வாடைக்காற்றும் நேராகப் படிக்கட்டுக்கு வரும். அதனால் அந்தக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சாத்திவிட்டுத்தான் போவார்கள். கட்டடத்தில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நெரெய்டாவும் யோசிக்கவில்லை. கை நிறையக் குப்பைப் பை. காலால் செங்கலை எத்தினாள், இடுப்பால் கதவைத் தள்ளினாள். பூட்டு விழுந்தது. க்ளக்.

நான்கு மணிக்கு இருட்டியது. பனி குறுக்காக அடித்தது, தெருவில் பஸ் நின்றுபோனது. அப்போதுதான் பெரிதாகத் தட்டும் சத்தம் ஆரம்பித்தது.

டங். டங். டங்.

சூடு வராவிட்டால் அந்தக் கட்டடத்தில் குழாயைத் தட்டுவார்கள். ஒருவர் தட்டினால் அடுத்தவரும் கரண்டியை எடுப்பார். ஆறு மாடியும் சேர்ந்து அதிரும். பாய்லரைப் பார்ப்பவன் காதைப் பொத்திக்கொண்டாவது எதையாவது திருகுவான். மனுவெல்லாம் எழுதிப் பார்த்து அலுத்தவர்களுக்கு மிஞ்சியது இதுதான். நெரெய்டா தடித்த இரும்புக் கரண்டியை எடுத்து, பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் அண்டா கிளறிய தோளால் ஓங்கி அடித்தாள். மேலே யாரோ அடித்தார்கள். பக்கத்து வீட்டில் அடித்தார்கள். கீழிருந்து வந்த சத்தம் வெறிபிடித்த மாதிரி வேகமானது. இவர்களும் வேகமானார்கள்.

பக்கத்து வீட்டு அல்டக்ராசியா கையில் சுத்தியலோடு வாசலுக்கே வந்துவிட்டாள். நெரெய்டாவை அவள் மரியாதையாக டோன்யா என்றுதான் கூப்பிடுவாள். "யாரு டோன்யா அது, இந்தப் போடு போடறது? முதல் மாடி கிழவனா?"

"அவனுக்கு ஏதுடி இவ்வளவு தெம்பு?"

"பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கால்ல, தெம்பு வந்திருக்கும்." சிரித்துக்கொண்டே போய் மறுபடி அடித்தாள்.

எஃப்ராயின் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இல்லை, இல்லை என்று.

"என்னய்யா?"

"நம்ம ஆளுங்க... இல்ல. கீழ. ரொம்பக் கீழ."

அவள் கரண்டியை இறக்கினாள். அதே நொடியில் எங்கேயோ ஆழத்தில் ஏதோ முறிந்தது. பச்சைக் கிளையை முறுக்கி ஒடிக்கிற மாதிரி, ஈரமான ஒரு முறிவு. குழாய் அதைச் சுத்தமாக மேலே கொண்டுவந்து கொடுத்தது. பிறகு விசில் மாதிரி நீளமாக ஒரு சத்தம். வால்வு என்று நினைத்துக்கொண்டாள். வால்வுதான் அப்படிக் கத்தும்.

பிறகு தட்டல் மாறியது. இரும்பில் இரும்பு படும் சத்தம் இல்லை. மழுங்கல். நிதானம். டப். டப். டப்.

ரேடியேட்டர் இருமியது. சீறியது. இரும்பு மணத்தோடு, பன்றித் தோலை நெருப்பில் வாட்டுகிற மணமும் சேர்ந்து வந்தது. சூடு. பத்து நிமிடத்தில் ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. கட்டடம் முழுக்கக் கைதட்டல், சீட்டி. "திங்கக்கிழமைக்காரன் பயந்துட்டாண்டோய்!" என்று யாரோ படிக்கட்டில் கத்தினார்கள். எஃப்ராயினின் கன்னத்தில் ரத்தம் ஏறுவதை அவள் கண்ணால் பார்த்தாள். மேல் போர்வைகள் நான்கையும் அவனே ஒவ்வொன்றாகக் காலால் தள்ளினான்.

ஜன்னலைத் துடைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள். ஹஸ்கினின் கார் அங்கேயே நின்றது. சக்கரம் பாதிவரை பனி. பின்பெட்டி மூடி திறந்தபடியே கிடந்தது, ஏதோ ஒன்றை எடுக்கத் திறந்தவர் உடனே வந்துவிடலாம் என்று போன மாதிரி. பாய்லரைப் பார்க்க ஒரு டார்ச் எடுக்க.

பாய்லர் அறைக் கதவின் கனம் அவளுக்குத் திரும்ப வந்தது. இடுப்பில் அது உரசியது. க்ளக்.

அடித்தளத்துக்கு எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு சுட்டது. பெயிண்ட் கொப்புளித்திருந்தது. அடி இடுக்கில் நீராவி கசிந்தது. கதவின் அந்தப் பக்கம், தரையோடு, சுரண்டும் சத்தம்.

"ஹஸ்கின் சார்?"

சுரண்டல் நின்றது. "யாரு... யாரும்மா அது? திற. தயவுசெஞ்சு திற." குரல் வெந்திருந்தது.

"நான்தான், நெரெய்டா. பயப்படாதீங்க, திறக்கறேன்."

டப். டப். டப். உள்ளே, தூரத்தில், பாய்லருக்கு அந்தப் பக்கம்.

அவள் கை கைப்பிடியில் நின்றது. ஹஸ்கின் இங்கே கதவடியில் கிடக்கிறார். அப்படியென்றால்...

"யாரு சார் தட்டறது?"

அழுகை. பிறகு, குழந்தை மாதிரி: "அது என் கைய வச்சுத் தட்டுதும்மா."

திறந்தாள். ஒரு சாண்.

நீராவி முகத்தில் அறைந்தது. கீழே ஹஸ்கின் மண்டியிட்டிருந்தார். வலது கை முழங்கையோடு முடிந்தது. வெட்டு இல்லை. முறுக்கிப் பிய்த்தது. எலும்பு வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் வெந்து தொங்கியது. அவருக்குப் பின்னால், பாய்லரின் சிவந்த வெளிச்சத்தில், குழாய்களுக்கு நடுவே குழாய் அல்லாத ஒன்று. உயரம். மெலிவு. அதன் உடம்பு முடியும் இடத்தில் விரல் எதுவும் இல்லை. அதனால் இரவல் வாங்கியதைப் பிடித்திருந்தது. கோட்டுத் துணி இன்னும் அதில் சுற்றியிருந்தது. கைக்கடிகாரமும்.

கதவு திறந்ததும் அது தட்டுவதை நிறுத்தியது.

பாய்லர் தணிந்தது. மேலே ஏறும் குழாய்களில் சீறல் அடங்கியது. ஒன்றாம் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. அவளால் கேட்க முடிந்தது. அங்கே ஒரே ஒரு போர்வையோடு எஃப்ராயின்.

அது அவளைப் பார்த்தது. கண் இருந்ததா என்று தெரியாது. பார்த்தது. காத்திருந்தது.

ஹஸ்கினின் இடது கை அவள் காலைப் பிடித்தது. "புண்ணியமாப் போகும். இழும்மா. வெளிய இழு."

அவள் குனிந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் விடவில்லை. அதைப் பின்பக்கமாக மடக்கினாள், ஒடிந்தது.

"மன்னிச்சிருங்க சார்."

கதவைத் தோளால் சாத்தினாள். பூட்டு விழுந்தது. உள்ளே அவரை எதுவோ தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிற்று. கத்தல். முறிவு. மறுபடி முறிவு. பிறகு இரண்டு கையாலும் தட்டுகிற மாதிரி, டப் டப், டப் டப். மேலே ஆறு மாடியும் உற்சாகமாகத் திருப்பித் தட்டியது.

படியில் அல்டக்ராசியா எதிர்ப்பட்டாள். "என்ன டோன்யா, முகமெல்லாம் செவந்திருக்கு?"

"கீழ நல்ல சூடு."

மூன்று நாள் வீடு வெதுவெதுப்பாக இருந்தது. எஃப்ராயின் முட்டை சாப்பிட்டான். ஒரு தடவை சிரித்தான்கூட. யாராவது பாய்லரைப் பார்க்க வரலாமா என்று கேட்டால் அவள் பதறிப்போய் வேண்டாம் என்றாள், நன்றாகத்தானே ஓடுகிறது என்றாள். நான்காம் நாள் தட்டல் நைந்தது. ஈரத்துணியைச் சுவரில் அடிக்கிற சத்தம். பிறகு வெறும் எலும்பு. பிறகு அதுவும் இல்லை.

மத்தியானம் குழாய் குளிர்ந்தது. வெளியே வெயில், ஆனால் வாய் திறந்தால் புகை வரும் குளிர். ஐந்து போர்வையையும் அவள் திரும்பப் போர்த்தினாள். அவன் நெஞ்சு கறகறக்க ஆரம்பித்தது. நகம் நீலம். மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் மாடிக்கு வருவார்கள், அடித்தளத்துக்கும் போவார்கள், கதவைத் திறப்பார்கள். அவள் ஃபோனை எடுத்தாள். வைத்தாள்.

"நெரே," என்றான் எஃப்ராயின். "கீழ... கேக்குது."

"ஒண்ணும் கேக்கல. தூங்கு."

"எனக்குத் தெரியும். மொதல் நாளே... தெரியும்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அழவில்லை. அவன் இடது கை போர்வைக்குள் எதையோ தேடியது. மெதுவாக, கனமான சாமானைத் தூக்குகிற மாதிரி, இரண்டு வருடமாக உணர்வே இல்லாத தன் வலது கையைத் தூக்கி வெளியே எடுத்தது. அவள் மடியில் வைத்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. குளிர்ந்து, ஈரமாக, விரல் மடங்கி.

"வலிக்காது," என்றான் அவன். "எடுத்துக்கோ."

நெரெய்டா சமையலறைக்குப் போனாள். எலும்பு வெட்டுகிற பெரிய கத்தியை எடுத்தாள். அடியில் வைக்கப் பலகையையும் எடுத்தாள். திரும்பி வந்தபோது, அவனுடைய வலது சட்டைக் கை ஏற்கெனவே தோள்வரை சுருட்டியிருந்தது. எஃப்ராயின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கதவு ஒரு சாண் திறந்திருந்த அந்த நேரத்தில் அவள் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால், மேலே உங்கள் மனுஷன் குளிரில் கிடந்தால், இழுத்திருப்பீர்களா, சாத்தியிருப்பீர்களா? நல்லவர்களாகத் தெரிய வேண்டும் என்று எழுத வேண்டாம். உள்ளதைக் கீழே எழுதுங்கள்.