புழு வைத்த ஈயம்

செவ்வாயின் மூன்றாம் கூண்டு நகரில் மின்சுற்றுப் பலகைகளைப் புழுக்கள்தாம் ஒட்டின. பலகைமேல் சில்லுகளையும் மின்தடைகளையும் அடுக்கிவிட்டு, விரல் நீளப் புழு ஒன்றை அதில் மேயவிடுவார்கள். ஈயத்தூளைத் தின்ற புழு, உதிரிகளின் ஒவ்வொரு காலிலும் ஒரு சொட்டு வாந்தியெடுக்கும். சொட்டு உடனே இறுகிக் காலைச் செம்புத்தடத்தோடு பிடித்துக்கொள்ளும். சூடு கிடையாது, புகை கிடையாது. ஊரே ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடத்தில் வேறு வழியும் கிடையாது.

பொற்கொடிக்கு அதைப் பார்த்தாலே குடலைப் புரட்டும். அம்மாள்தான் அந்த நகரின் சுகாதார ஆய்வாளர். அடுத்தவர் நகத்து அழுக்குக்கெல்லாம் நோட்டீஸ் கொடுப்பவள். அன்று காலை அவள் கணவன் துரைசிங்கத்தின் இதயச்சீராக்கி பழுதாகிவிட்டது. நண்பகலுக்குள் புதிய பலகை நெஞ்சுக்குள் போகாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டான்.

"ஐயே! என் வீட்டுக்காரர் நெஞ்சுக்குள்ள புழு வாந்தியா? தூ!" என்று ஒட்டுக்கூடத்தில் நின்று கத்தினாள்.

"மேடம், புழு சுத்தமான ஜீவன். மனுஷன் கையைத்தான் நம்ப முடியாது," என்றான் ஒட்டுநர் எபநேசர்.

"பேசாம கையாலயே வைப்பா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

மருத்துவக் கருவிக்கு மட்டும் அப்படிச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. எபநேசர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறையோடு கைவிட்டு, சூட்டுக்கோலால் நாற்பத்திரண்டு கால்களையும் பற்றவைத்தான். முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பலகை பளபளத்தது. பொற்கொடிக்குப் பெருமை தாளவில்லை.

"பாத்தியா, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அதை உறையிலிட்டு முத்திரை வைப்பது அவள் வேலை. பாழாய்ப்போன உறையின் வாய் பிரிய மறுத்தது. கையுறையைக் கழற்றினாள். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு உறையைப் பிரித்தாள். அதே விரலால் பலகையை எடுத்து உள்ளே நுழைத்தாள். பூமியில் பஸ் டிக்கெட் கிழித்த நாளிலிருந்து வந்த பழக்கம், கோள் மாறினால் மட்டும் விட்டுவிடுமா என்ன?

உறையை வாங்கிய சோதனைப் பொறி கீச்சிட்டது. 'மனித எச்சில். கால்களுக்கிடையே மின்கசிவு. நிராகரிப்பு.'

மணி பதினொன்று. மறுபடி கையால் வைக்க நேரமில்லை. பொற்கொடி எபநேசர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அந்தப் புழு... இதைச் சரிபண்ணிடுமாப்பா?"

எபநேசர் புழுவைப் பலகைமேல் விட்டான். அது ஆர்வமாக ஊர்ந்து, அவள் விரல் பட்ட இடத்துக்கு வந்ததும் நின்றது. தலையைத் தூக்கியது. உடலைச் சுருட்டிக்கொண்டு விறுவிறுவெனப் பின்வாங்கி, தின்ற ஈயத்தையெல்லாம் மேசைமேல் கக்கிவிட்டது.

"ஐயோ, என்னாச்சு அதுக்கு?"

"குமட்டுது மேடம்."

அவன் வேறொரு பலகையை எடுத்து உதிரிகளை அடுக்கினான். "பயப்படாதீங்க, அரைமணியில முடிச்சிடும். சாருக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பொற்கொடி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். எபநேசர் புழுவைக் குழாயடிக்கு எடுத்துப்போய் மூன்று தடவை கழுவினான்.