வாளுக்கு வாழ்க்கைப்பட்டவள்

மேற்கே சூரியன் இறங்கி, கிழக்கே முழுநிலா எழத் தயங்கிய அந்தி வேளையில், வெள்ளாறு இரு கரையும் தொட்டுப் புரண்டோடியது. மருதமரங்களில் நாரைகள் வந்தடையும் ஓசை தவிர நெடுங்கரைக் கோட்டையில் வேறு அரவமில்லை. கோட்டை என்றால் காவலர் குரலாவது கேட்க வேண்டாமா என்பீர்கள், வாசகர்களே. காவலர் அனைவரும் கை கட்டப்பட்டுக் கொட்டடியில் கிடந்தார்கள். நீர்வாயிலைத் திறந்து பகைவரை உள்ளே விட்டவள் அக்கோட்டையின் அரசி புவனமாலையேதான்.

அவளைத் தூற்றுமுன் சற்றுப் பொறுங்கள். மணமகன் எல்லைக்காவலை விட்டு வர இயலாதபோது வாளைப் பல்லக்கில் அனுப்பி, அதனருகே பெண்ணை அமர்த்தித் தாலி கட்டுவது அந்நாட்டு வழக்கம். பின்னாளில் அவள் வாளைத் திருப்பித் தந்து, அவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டால் மணம் முறிந்துவிடும். இரு குலத்துப் பகை தீரப் பெரியோர் பேசி முடித்த அவள் மணமும் அப்படித்தான் நடந்தது. குங்குமமிடக் குனிந்தவள் வாளின் கிளிமுகப் பிடியைக் கண்டு நடுங்கிப்போனாள். அது போரில் மாண்ட அவள் அண்ணன் சேந்தனுடைய வாள். கொன்றவனே அதை அனுப்பிக் குலத்தை எள்ளுகிறான் என்று எண்ணி, அன்றே பழிக்குப் பழி என்று மனத்துக்குள் சூளுரைத்தாள்.

பணயம்போல் வந்தவளைக் கணவன் வில்லவராயன் அரசியாகவே நடத்தினான். ஓராண்டுக்குள் முத்திரை மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டான். அவன் சிரித்தால் தானும் சிரித்துவிட்டு, அதற்காகத் தன்னையே நொந்துகொண்ட நாட்கள் அவளுக்கு உண்டு. ஆனாலும் இன்று அந்த மோதிரத்தைக் காட்டியே தன் தந்தையின் படைக்கு வாயிலைத் திறந்தாள். கணவன் தப்பக் கூடாதென்று கோட்டை ஓடங்களை எல்லாம் துளையிட்டு மூழ்கடிக்கவும் செய்தாள்.

படித்துறைக்குக் கொண்டுவரப்பட்ட வில்லவராயனின் காலடியில் அவள் வாளை எறிந்தாள்.

"திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். என் அண்ணனைக் கொன்று, அவன் வாளாலேயே என்னை மணந்தீர்களே, அந்தக் கணக்கு இன்றோடு தீர்ந்தது."

அவன் அவளை வெறித்து நோக்கினான். "கொன்றேனா? தேவி, இந்த ஓராண்டும் இதையா நெஞ்சில் சுமந்தாய்?"

"இல்லையென்றால் அவன் வாள் உங்களிடம் வந்தது எப்படி?"

"எவன் அம்போ அவன் மார்பில் தைத்திருந்தது. பகைவனாயினும் தண்ணீர் கொடுத்து மடியில் கிடத்திக்கொண்டேன். 'இந்தப் பகை என்னோடு போகட்டும். இந்த வாளை அனுப்பி என் கருவண்டை மணந்துகொள். பார்த்ததும் நான்தான் அவளைக் கொடுத்தேன் என்று அறிந்துகொள்வாள்' என்றான். வாளைப் பார்க்கும்போதெல்லாம் நீ கலங்கினாய். அண்ணனை எண்ணி அழுகிறாய், புண்ணைக் கிளறுவானேன் என்று வாளாவிருந்துவிட்டேன்."

கருவண்டு. தனிமையில் சேந்தன் ஒருவன் மட்டுமே அழைத்த பெயர் அது. அவன் போனபின் அதை அவள் காது கேட்டதில்லை.

"அவரை அவிழ்த்துவிடுங்கள்" என்று மோதிரக் கையை உயர்த்தினாள்.

தந்தையின் படைத்தலைவன் கச்சியப்பன் தலை தாழ்த்தினான். "மன்னிக்க வேண்டும், இளவரசி. இந்த மோதிரம் இக்கோட்டை வீரருக்குத்தான் கட்டளை. விடியலில் அக்கரையில் தங்கள் தந்தையின் முன் இவர் தலையைக் கொய்ய வேண்டும் என்பது அவர் ஆணை. எங்கள் படகில் இவருக்கு மட்டுமே இடம். தங்களுக்கு நாளை பல்லக்கு வரும்."

வில்லவராயன் கட்டுண்ட கைகளை வாளை நோக்கி நீட்டினான். "கொடு, தேவி. நான் வாங்கிக்கொண்டால் விடியலில் நீ கைம்பெண் ஆகமாட்டாய். உனக்குத் தர என்னிடம் இனி இது ஒன்றுதான் இருக்கிறது."

புவனமாலை பாய்ந்து வாளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "தரமாட்டேன். தங்கள் மனைவியாகவே தந்தையின் முன் வந்து நிற்பேன். தங்கள் கழுத்தில் விழும் வாள் முதலில் என் கழுத்தில் விழட்டும். இது என் அண்ணன் மீது ஆணை."

வீரர்கள் அவனை இழுத்துச் சென்றார்கள். படகு நடு ஆற்றை நெருங்கும்வரை அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் கோட்டை ஓடங்கள் கட்டியிருந்த இடத்துக்கு ஓடினாள். ஓடங்களின் முனைகள் மட்டுமே நீருக்குமேல் தெரிந்தன. அவளே இட்ட கட்டளை அது, ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் அழுதுகொண்டே தரையில் அமர்ந்து, சேலைத் தலைப்பைக் கிழித்து வாளை முதுகோடு இறுகக் கட்டினாள்.

சிறுவயதில் இதே வெள்ளாற்றில் அவளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவன் சேந்தன். அவள் தண்ணீரில் இறங்கினாள்.