குகைப் படகில் இரண்டாவது சுற்று

காலை பத்தரை மணிக்கு மேலாளர் பின்வாசல் வழியாகப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் வந்தாள். முன்வாசல் பூட்டியிருந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பூங்காவை மூடிவிடலாம் என்று முதலாளியிடம் சொல்லித் தலையாட்ட வைத்தவளே அவள்தான். அன்று செவ்வாய்க்கிழமை.

வெயில் நன்றாகவே அடித்தது. ராட்டினத்துக்குத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். டிக்கெட் கவுண்டரில், 'வருடம் முழுவதும் வரலாம், மூன்று முறை வரும் விலையில்' என்ற வருடப் பாஸ் விளம்பரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் நடக்க அவள் இந்த மூன்று மாதத்தில் பழகியிருந்தாள்.

அந்த விளம்பரமும் அவள் எழுதியதுதான். ஊரில் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை போய்க்கொண்டிருந்த வருடம் அது. பூங்கா ஈ ஓட்டியது. "செலவைக் குறை, இல்லேன்னா கதவைச் சாத்து" என்று முதலாளி ஒரே வரியில் முடித்துக்கொண்டார். வீட்டில் அவள் கணவனுக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதனால் அவள் குறைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கெல்லாம் கை வைக்க முடியுமோ அங்கெல்லாம் கை வைத்தாள்.

பாஸ் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? "வாங்கறப்போ பதினாறு ரைடு, இப்போ ஒன்பது. மீதி ஏழையும் வீட்டுக்கு அனுப்பி வைப்பீங்களா?" என்று ஒருவர் அவள் மேஜை முன்னால் நின்று கத்தினார். அவர்கள் வாயை அடைக்க அவள் ஒரு சலுகை கண்டுபிடித்தாள். கூட்டம் குறைவான நேரத்தில், குகைப் படகில் பாஸ்காரர்கள் இறங்காமலே இரண்டாவது சுற்றும் போகலாம். பூங்காவுக்குச் சல்லிக்காசு செலவில்லை. முதலாளி அவளைக் கெட்டிக்காரி என்றார்.

அந்தக் குகைக்குத்தான் இப்போது அவள் போய்க்கொண்டிருந்தாள்.

படகுத்துறையில் எலக்ட்ரீஷியன் காத்திருந்தார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மனுஷர்.

"வாங்க மேடம். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கையெழுத்துப் போட்டா, நாளைக்கே குகையைத் திறந்துடலாம். பயப்படாதீங்க. பேய் இருந்தா அதுக்கும் இன்னிக்கு லீவுதான்."

அவள் சிரிக்கவில்லை. அவள் கையில் இருந்த படிவத்தில், 'குகை முழுவதும் நேரில் பார்த்தேன், உள்ளே எவரும் இல்லை' என்று அச்சிட்டிருந்தது. கீழே அவள் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் அப்படிப் பார்த்திருந்தால் போதும். பார்க்க ஆள் இல்லாமல் செய்தது அவள்.

முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் ஒருவர் டார்ச் விளக்கோடு குகையின் ஓரப்பாதையில் கடைசி வரை நடப்பார். வளைவுக்கு வளைவு நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார். அரைமணி நேர வேலை. அதை அவள் நிறுத்தினாள். ஏறுகிறவர்களுக்கு ஒன்று, இறங்குகிறவர்களுக்கு ஒன்று என்று ஆப்பரேட்டர் கையில் இரண்டு எண்ணும் கருவிகள் இருந்தனவே. இரண்டிலும் ஒரே எண் வந்தால் குகை காலி. அப்புறம் நடை எதற்கு?

ஆப்பரேட்டரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது, கழுத்தில் எப்போதும் ஒரு விசில். இரண்டாவது சுற்று வந்ததும் அவர் அவளிடம் கேட்டார், "இறங்காம உக்காந்திருக்கறவங்கள எப்படி மேடம் எண்றது?"

அவள் அப்போது ஃபோனில் இருந்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்: "முதல் சுற்று முடிஞ்சதும் இறங்கினதா அழுத்திடுங்க. ரெண்டாவதுக்கு எதுவும் அழுத்தாதீங்க. ஒரே ஆளை ரெண்டு தடவை காட்டினா முதலாளி கேள்வி கேப்பார்."

"அப்போ ரெண்டாவது சுற்றுல உள்ள இருக்கறவங்க எந்தக் கணக்குலயும் இல்லையே?"

"நீங்கதான் அங்கேயே நிக்கறீங்களே, கண்ணு தெரியாதா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விசில் அங்கே நிற்கவில்லை. முன்வாசலில் ஆள் பற்றாமல், வாக்கி டாக்கியில் அவரை அவளே கூப்பிட்டாள். அவர் திரும்பி வந்தபோது படகுத்துறையில் யாரும் இல்லை. இரண்டு கருவியிலும் இருநூற்றுப் பன்னிரண்டு. மின்சாரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

உள்ளே, மூன்றாவது வளைவுக்கு அப்பால், படகில் பாஸ் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

தனியாக வாழ்ந்த, எழுபதை நெருங்கிய பெண். குகை குளுகுளுவென்று இருக்கிறது என்று வருடப் பாஸோடு தினமும் வருவாள், அதனால் அந்தப் பெயர். "குடுத்த காசுக்கு உக்காந்துட்டுப் போறேன், உனக்கென்ன?" என்று விசிலை வம்புக்கு இழுப்பாள். மின்சாரம் போனால் மடிமேல் இருக்கும் கம்பி பூட்டிக்கொள்ளும். வெளியே இருந்துதான் விடுவிக்க முடியும். திங்கள் விடுமுறை. செவ்வாய் விடுமுறை. வீட்டில் தேட ஆள் இல்லை. புதன்கிழமை காலை முதல் படகைக் கிளப்பியபோது அவளும் வெளியே வந்தாள்.

விசாரணையில் மேலாளர் சொன்னாள்: "ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணச் சொல்லித்தான் உத்தரவு. அவர் எண்ணல."

வாய்ப்பேச்சுக்குச் சாட்சி ஏது? பழி விசில் தலையில் விடிந்தது. வேலை போயிற்று. நாளைக் காலையில் விசாரணை அதிகாரி முன்னால் அந்த வாக்குமூலத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவர் சிறைக்குப் போவது ஏறக்குறைய உறுதி. ஒரே ஒரு முறை அவர் ஃபோன் செய்தார். "நீங்க சொன்னதத்தானே மேடம் செஞ்சேன்?" அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

மேலாளர் படகில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் மூன்று வரிசை காலி. கம்பி மடிமேல் இறங்கியது. படகு மெல்ல உள்ளே நழுவியது.

முதல் வளைவில் வெளிச்சம் போயிற்று. நீல விளக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிந்தன. பாசியும் குளோரினும் கலந்த வாடை. சுவரில் தண்ணீர் மோதும் சத்தம். இரண்டாவது வளைவு. பொம்மை முதலை ஒன்று பெயிண்ட் உதிர்ந்த வாயோடு கிடந்தது. அதைச் சரிசெய்யும் செலவையும் அவள்தான் வெட்டியிருந்தாள்.

மூன்றாவது வளைவு தாண்டியதும் படகு நின்றது.

விளக்குகள் அணைந்தன.

"அண்ணே?" என்று கூப்பிட்டாள். குரல் குகைக்குள் சுற்றிவிட்டு அவளிடமே திரும்பியது. கம்பியைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

தலைக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

"பயப்பட வேண்டாம். இருக்கையிலேயே இருங்கள். நம் ஆள் வந்துகொண்டிருக்கிறார்."

அவளுடைய குரல். குரல் கலைஞரை வைத்தால் செலவாகுமே என்று அவளே ஒரு மத்தியானம் பேசிப் பதிவு செய்தது. மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும், இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த ஞாயிறு சாயங்காலம் தொடங்கி பத்தொன்பது மணி நேரம் பேட்டரி தாங்கியது என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். ஐந்நூற்றெழுபது முறை. அந்த எண் தெரிந்த நாளிலிருந்து அவள் தூக்கம் போயிற்று.

இருட்டில் தைல வாடை வந்தது. முட்டிக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

"சரிம்மா."

பின்னால் இருந்து.

அவள் திரும்பவில்லை. தண்ணீர் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. ஸ்பீக்கர் மறுபடியும் கரகரத்தது. ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று அவள் குரல் சந்தோஷமாகச் சொன்னது.

"சரிம்மா. கால்தான் கொஞ்சம் மரத்துப்போச்சு."

கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவதைப் போலச் சாதாரணமாக இருந்தது. மேலாளர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் கேட்டது.

"பயப்பட வேண்டாம்…"

"சரிம்மா. வெளிய இருட்டிடுச்சா?"

"…வந்துகொண்டிருக்கிறார்."

"சரிம்மா. தண்ணி மட்டும் கொஞ்சம் எடுத்துட்டு வரச் சொல்லு."

ஒவ்வொரு முறையும் பதில் கொஞ்சம் தேய்ந்தது. பிறகு வெறும் "சரி". பிறகு ஒரு மூச்சு.

அடுத்த முறை ஸ்பீக்கர் பேசி முடித்தபோது பதில் இல்லை.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "நான்தான்!" என்று கத்தினாள். "எண்ண வேணாம்னு நான்தான் சொன்னேன்! அவரை முன்வாசலுக்குக் கூப்பிட்டதும் நான்தான்! பொய் சொன்னேன்… வேலை போயிடும்னு பயந்து பொய் சொன்னேன்மா…"

அழுதுகொண்டே திரும்பிப் பார்த்தாள்.

விளக்கு எரிந்தது. பின் வரிசை காலி. அந்த வரிசையின் கம்பி மட்டும், ஒல்லியான ஓர் உடம்பின் மடியளவுக்கு இறங்கிப் பூட்டியிருந்தது.

படகு துறைக்கு வந்தபோது எலக்ட்ரீஷியன் கையை விரித்தார். "ஃபியூஸ் மேடம். ஒரு நிமிஷம்கூட ஆகல. அதுக்குள்ள என்ன இப்படி வேர்த்திருக்கு?"

"அந்த அறிவிப்பை நிறுத்துங்க முதல்ல."

"எந்த அறிவிப்பு?" அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ஸ்பீக்கர், பேட்டரி எல்லாத்தையும் போலீஸ் அன்னிக்கே கழட்டிட்டுப் போயிட்டாங்களே."

படிவத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரி முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள். மென்று விழுங்காமல், ஒரு வார்த்தை பாக்கி வைக்காமல் சொன்னாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இது உங்களுக்கு எதிராத் திரும்பும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதான் சார்."

வெளியே தாழ்வாரத்தில் விசில் நின்றிருந்தார். நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "மூணு மாசமா என் பொண்ணு என்கிட்ட முகம் குடுத்துப் பேசல மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவளுக்கு வேலை போயிற்று. வழக்கு அவள் மேல் திரும்பியது. கணவன் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தேநீர் போட்டுக் கொடுத்தான். அன்று ராத்திரி அவள் வெகுநாள் கழித்து அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். தண்டனை எவ்வளவு வந்தாலும் சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இறந்தவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று நம்பினாள். மனிதர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. எலக்ட்ரீஷியன்.

"மேடம்… குகையை நிரந்தரமா அடைச்சிடச் சொல்லிட்டார் முதலாளி. ரெண்டு நாளா செங்கல் வேலை நடக்குது. இன்னும் ஒரு வரிசைதான் பாக்கி."

அவர் குரலில் நக்கல் இல்லை. மூச்சு வாங்கியது.

"சொல்லுங்க அண்ணே."

"உள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காங்க."

அவள் கையிலிருந்த துணி நழுவியது.

"கொத்தனாரும் பாத்துட்டார். நான் மட்டும் பாத்திருந்தா வெயில்ல மயக்கம்னு விட்டிருப்பேன். சுவத்து இடுக்கு வழியா கை நீட்டி, வாங்கம்மா, வெளிய வந்துடுங்கன்னு கெஞ்சினேன். வர மாட்டேங்கறாங்க." அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. "என்னை உக்காரச் சொன்ன பொண்ணு வந்து எழுந்திருன்னு சொல்லட்டும், அப்போதான் எழுந்திருப்பேன்ங்கறாங்க. சிமெண்ட் காயுது மேடம். என்ன செய்யட்டும்? அடைச்சிடட்டுமா?"

விசிலுக்காக அவள் உண்மையைச் சொல்லியிருந்தாள். தனக்காகவும் சொல்லியிருந்தாள். பாஸ் அம்மாவிடம் போய், எழுந்திருங்கம்மா என்று சொல்ல மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. பேச வாயைத் திறந்தாள்.

ஃபோனில் எலக்ட்ரீஷியனின் மூச்சுச் சத்தம் நின்றது. அவர் ஃபோனை யாரிடமோ கொடுத்ததைப் போல ஒரு சிறிய சத்தம். பிறகு, காதோடு காதாக, இன்னொரு குரல்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. கையில வேலை இருந்தா முடிச்சிட்டே வா."