இரண்டு முத்திரை மோதிரங்கள்

கபினி நதி காவிரியோடு கலக்கும் துறையில் அன்று முழுநிலா எழுந்துகொண்டிருந்தது. மேல்வானத்துச் செக்கர் இன்னும் அவியவில்லை. கீழ்வானத்திலோ பால்வெள்ளம் பொங்கத் தொடங்கிவிட்டது. மருத மரங்களின் நிழல் விழுந்த நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு, படகொன்று மாகுண்டிக் கோட்டையிலிருந்து எதிர்க்கரைச் சோழப் பாசறையை நோக்கி விரைந்தது. அதில் முக்காடிட்டு அமர்ந்திருந்த பெண்மணியை வாசகர்கள் இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

அவள்தான் மல்லியப்பை தேவி. கங்கநாட்டைச் சோழர் வென்றபின் தமிழ்க் குடிகள் திரள்திரளாக அங்கே வந்து குடியேறினார்கள். வென்றவர் மொழி ஒன்று, தோற்றவர் மொழி வேறொன்று. ஒரே வாய்க்கால் நீருக்காக இரு சாராரும் வெட்டி மடிந்த காலமும் உண்டு. அதைத் தீர்க்கவே மாமன்னர், கன்னடக் குடிகளுக்கு மல்லியப்பையையும் தமிழ்க் குடிகளுக்குக் கண்டன் சாத்தனையும் இணைத் தலைவர்களாக நியமித்தார். இருவர் முத்திரையும் பதியாத ஆணை அந்நாட்டில் செல்லாது. சபையில் அவள் கன்னடமே பேசுவாள். அவன் தமிழே பேசுவான். அவரவர் குடிகளின் மானம் அதில் அடங்கியிருந்தது.

புதிதாக வந்த மண்டலாதிபதி மழவதரையருக்கு இந்த ஏற்பாடு கண்ணில் விழுந்த துரும்பாக உறுத்தியது. "உன் தோழன் தனிமையில் என்ன பேசுகிறான் என்பதை வந்து கேள்" என்று அன்று பகலில் அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அவள் மடியில் ஒரு வெண்சங்கு இருந்தது. கண்டன் துரோகம் செய்தானென்று அவள் அதை ஊதினால், கரையோரப் புதர்களில் காத்திருந்த அவளுடைய வில்லாளிகள் பாசறைமேல் பாய்வார்கள். விடிவதற்குள் தமிழ்ச் சேரிகளும் எரியும்.

அந்தக் கலகத்தைக் காட்டி இணைத் தலைமையையே ஒழிக்க மழவதரையர் காத்திருந்தார் என்பதை, பாவம், அவள் அறியவில்லை!

கூடாரத்தில் மெல்லிய பட்டுத்திரைக்குப் பின்னே அவளை அமர்த்தினார்கள். அருகில் மொழிபெயர்ப்பான் கேசிமய்யன் குந்தியிருந்தான். சற்றைக்கெல்லாம் கண்டன் சாத்தனின் நெடிய உருவம் விளக்கொளியில் திரைமேல் நிழலாக விழுந்தது.

"கண்டரே, இனி நாட்டுக்குத் தலைவர் நீர் ஒருவரே. சபையில் தமிழ் மட்டுமே ஒலிக்கும். அந்தக் கன்னடத்தியைச் சிறைவைக்கும் ஆணையில் உமது முத்திரையைப் பதியும், போதும்" என்றார் மழவதரையர்.

மல்லியப்பையின் விரல்கள் மடியிலிருந்த சங்கைப் பற்றின.

"மண்டலாதிபதி மன்னிக்க வேண்டும்" என்றான் கண்டன். "தேவி இல்லாத சபையில் எனக்கு ஆசனம் வேண்டாம். கன்னடக் குடிகளின் வாயை அடைத்துவிட்டு எங்கள் குடிகளுக்கு நான் என்ன நீதி செய்துவிட முடியும்? இதோ என் மோதிரம். பெற்றுக்கொள்ளுங்கள்."

கேசிமய்யன் அவள் காதருகே கன்னடத்தில் கிசுகிசுத்தான்: "இசைந்துவிட்டார், தேவி. உங்களைச் சிறையிட முத்திரை மோதிரத்தைக் கழற்றுகிறார், பாருங்கள்!"

திரையில் நிழல் உண்மையிலேயே மோதிரத்தைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தது. கண் கேசிமய்யன் சொன்னதற்கே சாட்சி சொன்னது. செவியோ வேறு சொன்னது. ஏனெனில் மல்லியப்பை தேவிக்குத் தமிழ் தெரியும்! உலகில் ஒருவரும் அறியாமல், அந்தப்புரத்துப் பூக்காரியிடம் ஆண்டுக்கணக்காக அவள் கற்ற தமிழ் அது.

"ஊதுங்கள், தேவி! இன்னும் என்ன தயக்கம்?" என்று அவன் அவசரப்படுத்தினான்.

அந்த அவசரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சங்கை அவன் மடியில் வீசிவிட்டு எழுந்தாள். திரை கிழிந்து சரிந்தது.

"மழவதரையரே!" என்று தெள்ளிய தமிழில் முழங்கினாள். "அவர் மறுத்ததை இசைந்ததாகச் சொல்ல இவனுக்கு என்ன கூலி கொடுத்தீர்?"

கண்டன் சாத்தன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். மழவதரையரின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"காவலர்களே, பிடியுங்கள் இவளை!"

காவற்படைத் தலைவன் சோழநாட்டுத் தமிழன்தான்; ஆயினும் அவன் அசையவில்லை. "பிரபு, இரண்டு முத்திரை இல்லாமல் இந்நாட்டில் எவரையும் சிறைப்பிடிக்கலாகாது என்பது மாமன்னர் கட்டளை. அதை மீறினால் என் தலை போகும்."

மல்லியப்பை தன் மோதிரத்தையும் கழற்றித் தட்டில் போட்டாள். "இரண்டும் இதோ இருக்கின்றன. பதிக்கும் உரிமை உமக்கு உண்டா என்று மாமன்னரைக் கேட்டுவிட்டு நாட்டை நீரே ஆளும். நாளை மடைக்கு மடை கத்தி எழும்போது, இரு மொழியிலும் சமாதானம் சொல்ல உமக்குக் கேசிமய்யன் இருக்கிறானே!"

வெளியே குதிரைகள் கனைத்தன. மழவதரையர் தட்டையே வெறித்துப் பார்த்தார். இரு குடிகளும் ஒன்றாகத் தமக்கெதிரே எழுந்தால் அந்தப் பாசறையைக் காக்கவே அவரிடம் படை போதாது. கடைசியில் தாமே தட்டை எடுத்து அவர்கள்முன் நீட்டினார்.

கண்டன் அதைத் தொடவில்லை. அவளையே நோக்கி, "தேவி, எப்போது தமிழ் கற்றீர்கள்?" என்றான்.

"உங்கள் சொற்கள் பிறர் வாயில் ஆறிப்போய் என்னிடம் வருவதை எத்தனை காலம் பொறுப்பேன், கண்டரே?"

அவன் விளக்குச் சுடர்மேல் வலக்கையை நீட்டினான். அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். சுடர் சுட்டும் இரு கைகளும் விலகவில்லை.

"அமர்ந்தால் இருவரும் அமர்வோம். எழுந்தால் இருவரும் எழுவோம். இது சத்தியம்" என்றான் கண்டன்.

"சத்தியம்" என்றாள் மல்லியப்பை. அந்தச் சொல் இரு மொழிக்கும் ஒன்றே.