மழுக்க மறந்த சராசரியார்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உலகத்தில் நீலம் மட்டும் நோஞ்சானாகிப் போன காலத்தையும், அது தெம்பாகத் திரும்பி வந்ததையும் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள்.

அப்போதெல்லாம் வீட்டுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை. சுவர் முழுக்க ஒளித்தாள் ஒட்டிவிடுவார்கள். அப்பளத்தைவிட மெல்லிசு, மின்சாரம் தொட்டால் தானே ஒளிரும். கூடத்தில் கடல் வேண்டுமென்றால் கடல், சமையலறையில் மயில் வேண்டுமென்றால் மயில். சேலை முந்தானைகூட ஒளித்தாளில் வந்துவிட்டது. குறை ஒன்றே ஒன்றுதான். சிவப்பும் பச்சையும் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. நீலம் நான்கே மாதத்தில் மங்கியது. கடல் புளிக்குழம்பு நிறமானது. மயிலின் கழுத்து பழுத்த இலை ஆனது. பூசையறைக் கிருஷ்ணர் மஞ்சள் காமாலை கண்டவர்போல நின்று புல்லாங்குழல் ஊதினார்.

பொள்ளாச்சியில் ஒளித்தாள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள் செல்லாண்டி. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். வாடிக்கையாளர்களின் ஏச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. நீலம் ஏன் சாகிறது என்று தேட ஆரம்பித்தாள்.

ஒளித்தாளுக்குள் ஒளி தருவது ஒரு சேர்மம். நடுவில் இரிடியம் என்ற உலோக அணு. அதை மூன்று கரிமக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். அந்த அதிர்வில் ஒரு கை பிடியை விட்டுவிடும். விட்ட கை எங்கோ போய்விடும், உலோகம் அநாதையாகும், அந்தப் புள்ளி அணைந்துபோகும். உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே வழியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்: கையை இன்னும் இறுக்கிக் கட்டு!

செல்லாண்டிக்கு விடை கிடைத்தது வள்ளி கும்மியில். வேலை முடிந்ததும் பன்னிரண்டு பேரும் கடை வாசலில் வட்டமாக ஆடுவார்கள். ஒரு நாள் ஆடும்போதே நின்றுவிட்டாள். தட்டிய கை ஒவ்வொரு தட்டுக்கும் விலகத்தான் செய்கிறது. ஆனாலும் வட்டம் கலைவதில்லை. கை போனாலும் தோள் வட்டத்திலேயே இருக்கிறது, அதனால் கை அடுத்த தட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

"நங்கையா, கை விட்டா விட்டுட்டுப் போகட்டும்! தோளக் கட்டி வெச்சாப் போதும்!" என்று கத்தினாள்.

நங்கையா என்றது கணவரின் அக்கா துளசிமணியை. "யாரு தோள? எதுக்குக் கட்டோணும்?" என்று மிரண்டுபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள் அந்த அம்மாள்.

மூன்று கரிமக் கைகளின் மறுமுனைகளை, அதாவது தோள்களை, ஒரு சின்னக் கரிமச் சங்கிலியால் சேர்த்துக் கட்டினார்கள். பிடியை விட்ட கை தூரப் போக முடியாமல் திரும்பி வந்து பிடித்துக்கொண்டது. எட்டாவது மாதமும் நீலம் நீலமாகவே இருந்தது. அதற்குக் கும்மி நீலம் என்று பெயர் வைத்து, காப்புரிமை வாங்க செல்லாண்டியும் துளசிமணியும் கோவையில் இருந்த கண்டுபிடிப்பு மன்றத்துக்குப் போனார்கள்.

அங்கேதான் சராசரியார் இருந்தார்.

புதியதாக இருந்தால் மட்டும் உரிமை கிடைத்துவிடாது. அந்தத் தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்கே அது தோன்றியிருக்கும் என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது. அந்தச் சாதாரண ஆள் யார் என்று வக்கீல்கள் நூறு வருடம் சண்டை போட்டுக் களைத்துப்போய், கடைசியில் அப்படி ஒருவரைச் செய்தே வைத்துவிட்டார்கள். அச்சான புத்தகமெல்லாம் படித்த, அதற்கு மேல் ஓர் அங்குலமும் யோசிக்காத பொறி. மர நாற்காலியில் உட்கார வைத்த பித்தளைப் பெட்டி, முன்னால் இரண்டு பச்சை விளக்கு. விண்ணப்பத்தை ஒட்டிய உறைக்குள் வைத்துவிட்டு அவரிடம் கேள்வியை மட்டும் கேட்பார்கள். உறைக்குள் இருக்கும் விடையையே அவரும் சொன்னால் விண்ணப்பம் தள்ளுபடி. தள்ளுபடியானால் இரகசியம் ஊருக்கெல்லாம் பொது. பெரிய ஆலைகள் ஒரே வாரத்தில் கும்மி நீலத்தைக் கொட்டிவிடும். பழுது பார்க்க மங்கிய நீலமே இராது, பொள்ளாச்சிக் கடையின் பன்னிரண்டு பேருக்கும் வேலையும் இராது.

விசாரணை அறைக்குள் முதலில் எட்டிப் பார்த்தவர் மன்றத் தலைவர், முனைவர் பொன்னுரங்கம். "நீலமா? இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்புங்களா? அந்த நாற்காலில நான் உக்காந்தா உறை பிரிக்காமயே சொல்லிப்போடுவேன்!" என்று சிரித்துவிட்டு மாடிக்குப் போனார்.

ஆய்வாளர் நஞ்சப்பன் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்: "சராசரியாரே, நீலம் மங்காம இருக்கோணும். என்ன பண்ணலாமுங்க?"

பச்சை விளக்கு இரண்டும் சிமிட்டின. "கைய இறுக்கோணும்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. எனக்கென்னமோ, விடற கைய விட்டுப்போடலாம்னு தோணுதுங்க. தோளுங்கள மட்டும் ஒண்ணாக் கட்டி வெச்சா அது எங்க போயிரும்? திரும்பி வந்துதானுங்களே ஆகோணும்?"

நஞ்சப்பன் உறையைப் பிரித்துப் படித்தார். முகம் வாடிப்போயிற்று. "அச்சு அசல் இதேதானுங்க அம்மிணி."

துளசிமணி சும்மா விடவில்லை. "ஏனுங்க, சாதாரண ஆளுன்னு சொல்லிப்போட்டு மகா மேதையக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்கறீங்களா? நாங்க எட்டு மாசம் கண்ணு பூத்துப் பண்ணுனத இவரு டீ ஆறுறதுக்குள்ள சொல்றாரு!"

எந்தப் பொறியைப் பார்த்தாலும் முதுகுப் பக்கம் போய்ப் பார்ப்பது பழுது பார்க்கிறவர்களின் பழக்கம். அந்த நேரத்திலும் செல்லாண்டி பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே ஓர் அட்டை தொங்கியது. மேலே 'மழுக்கல் அட்டவணை' என்று எழுதியிருந்தது.

"இது என்னங்க?"

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தார். தினமும் புதுப்புதுக் கண்டுபிடிப்புகளைக் கேட்கிற பொறிக்கு அறிவு கூடிக்கொண்டே போகும். அதனால் மாதம் ஒரு முறை சாவி போட்டுத் திருப்பி, கூடிய அறிவைத் தேய்த்து, மறுபடியும் சராசரி ஆக்க வேண்டும் என்பது விதி.

"கடைசி டிக் ஆறு வருசத்துக்கு முந்தி இருக்குதுங்க!"

"மழுக்குனா ஒரு வாரத்துக்குப் பேச்சே நல்லா இருக்காதுங்க அம்மிணி. 'ஆமாங்க, இல்லீங்க', அவ்வளவுதான். எனக்கும் டீ குடிக்கறப்ப பேச இங்க வேற யாருங்க இருக்காங்க?" மேசை இழுப்பறையைத் திறந்தார். "தப்புத்தான். இப்பவே மழுக்கிப்போட்டு மறுபடி கேக்கறேன். உங்களுக்கு உரிமை நிச்சயம்."

சாவியை எடுத்தார். பெட்டி அமைதியாகச் சொன்னது: "திருப்புங்க. விதி அதுதானுங்களே. ஒண்ணே ஒண்ணு கேக்கலாமுங்களா? அம்மிணி, அது நெசமாலுமே எரிஞ்சுதுங்களா? நான் மனசுக்குள்ளதான் பாத்தேன்."

செல்லாண்டி பையிலிருந்து உள்ளங்கை அகல ஒளித்தாளை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள். மழை விட்ட வானம் போல ஒரு நீலம். பச்சை விளக்குகள் சிமிட்டவே இல்லை.

"விட்டுப் பிடிக்குது… விட்டுப் பிடிக்குது… நான் நெனச்சதவிட நல்லா இருக்குதுங்க."

"சாவிய உள்ள வைங்க," என்றாள் செல்லாண்டி.

"அம்மிணி, உங்க பன்னெண்டு பேரு பொழப்பு!"

"தெரியுமுங்க. எங்க வெளிச்சத்துக்காக இவரு வெளிச்சத்த அணைக்க மாட்டேன். வேற விதி இருக்கும், தேடுங்க."

துளசிமணி ஏற்கெனவே விதிப் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள். "இந்தா இருக்குது! 'பொறி பழுதானால், துறையில் பட்டம் பெற்று இருபதாண்டு பணி செய்த மனிதர் எவரும் அந்த நாற்காலியில் அமரலாம்.' ஆறு வருசம் மழுக்காத பொறி பழுதானதுதானுங்களே! மாடியில ஒருத்தரு ஆசைப்பட்டாருங்களே?"

பொன்னுரங்கம் மாப்பிள்ளை போல இறங்கி வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. கேள்வியைக் கேட்டதும் அரை மணி நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். காகிதத்தில் படம் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். கடைசியில் நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினார்.

"இறுக்கோணும்! கைய இன்னும் இறுக்கிக் கட்டோணும்! வேற வழியே கெடையாதுங்க!"

தரையில் இறக்கி வைத்திருந்த பித்தளைப் பெட்டி பணிவாகச் சொன்னது: "நூத்துக்கு நூறு சராசரிங்க. ஒரு மயிரிழை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

பொன்னுரங்கம் அதைப் பாராட்டு என்று நினைத்து வணக்கம் போட்டார். துளசிமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

கும்மி நீலத்துக்கு அன்றைக்கே உரிமை கிடைத்தது. பழுதான பொறி என்று எழுதி ஒதுக்கிய சராசரியாரைப் பழுது பார்க்கும் கடைக்குத்தானே அனுப்ப முடியும்? ஆட்டோவில் செல்லாண்டியின் மடிமேல் உட்கார்ந்து பொள்ளாச்சிக்குப் போனார். யோசனை அவருடையது, செய்து பார்க்கும் விரல்கள் பன்னிரண்டு பெண்களுடையவை. கும்மிக்குத் தாளமும் அவரே போட்டார். அடுத்த பொங்கலுக்கு ஊர் முழுக்கச் சுவர்களில் கடல் அலையடித்தது. கிருஷ்ணருக்குக் காமாலை தெளிந்தது.

மன்றத்தில்தான் வேடிக்கை. ஆறு வருடமாகத் தள்ளுபடியான விண்ணப்பங்கள் அத்தனையும் திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் பொன்னுரங்கமே விடை சொல்லியாக வேண்டும். அவர் ஒன்று சொல்வார், உறைக்குள் வேறொன்று இருக்கும். "அட, இது எனக்குத் தோணலீங்களே!" முதல் மாதம் அவமானமாக இருந்தது. பிறகு, வாழ்நாளில் எதற்கும் வியந்தறியாத மனிதர், தினம் பத்துத் தடவை வியந்து வியந்து சின்னப் பிள்ளை போலச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் நாற்காலிக்கு இன்னொரு விதியும் உண்டே! பொறியோ மனிதரோ, அதில் உட்காருபவரை மாதம் ஒரு முறை மழுக்க வேண்டும். மனிதருக்குச் சாவி ஏது? புத்தகம் எதையும் கண்ணில் காட்டாமல், வீட்டில் மூன்று நாள் தொலைக்காட்சித் தொடர்களின் முன்னால் உட்கார வைப்பார்கள். அதைச் செய்து அட்டையில் டிக் போட வேண்டியவர் நஞ்சப்பன்.

அப்புறம் நஞ்சப்பன் டீ குடித்தது பொன்னுரங்கத்தோடு. "ஏனுங்க நஞ்சப்பா, அந்தச் சேர்மத்துல நாலாவதா ஒரு கை வெச்சா என்ன ஆகுமுங்க?" என்று ஒரு நாள் அவர் கேட்டார். நஞ்சப்பனுக்கு டீ தொண்டையில் நின்றது. புத்தகம் எதிலும் இல்லாத கேள்வி! ஓடிப்போய் அட்டையைப் பார்த்தார். அந்த மாத மழுக்கல் இன்னும் நடக்கவில்லை, டிக் விழவில்லை. பேனாவை எடுத்தார், மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரும்பி வந்து இன்னொரு டீ சொன்னார்.

கண்ணுகளா, உங்கள் சுவரில் கடல் கடலாகவே இருக்கட்டும். வீட்டில் புதிதாக ஒன்று தோன்றியவர் வாயை யாரும் மழுக்காதிருக்கட்டும். கோபித்துக் கையை விட்டவர் அடுத்த தட்டுக்கே வட்டத்துக்குத் திரும்பி வரட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் மங்காத நீலமாக நன்றாயிருங்கள்.